ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் வேண்டாத மரங்கள்: வெட்டுவது பாதி, தரையை மூடுவது மீதி

"மாமா, முதல் வருஷமே இங்க இருந்த மரத்தையெல்லாம் வெட்டிட்டேன். இப்போ பாருங்க, குடோன் நடுவுல வந்து நிக்குது."

லாஸ்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்த கையோடு அக்கா மகன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டிச் சொன்னது இது. அவன் ஆடிக்கொண்டிருந்தது ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ். கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் பீப்பாய்களும் கட்டைகளும் அடுக்கி வைக்க ஒதுக்கியிருந்த இடத்தின் நட்டநடுவில் ஒரு மரம் கிளை விரித்து நின்றது. அதற்கு இடப்பக்கம் மூன்று சிறு கன்றுகள். அவன் கண்ணில் பட்டது மரம். என் கண்ணில் பட்டவை அந்த மூன்று கன்றுகள்.

நான் இருப்பது கடலூரில். எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை உண்டு. சொந்தக்காரர் வெளியூர். வருஷத்துக்கு ஒருமுறை ஆள் விட்டு வேலிக்காத்தானை வெட்டிப் போடுவார். ஐப்பசி மழை பெய்து முடிவதற்குள் மனை மறுபடியும் பச்சையாகிவிடும். அடிக்கட்டை உள்ளேயே இருக்கிறது, மண் திறந்தே கிடக்கிறது, அப்புறம் முளைக்காமல் என்ன செய்யும்? இந்த விளையாட்டில் வெட்டிய மரத்தின் அடி துளிர்ப்பதில்லை. ஆனால் மண் திறந்திருக்கிற எந்தக் கட்டத்திலும் (விளையாட்டின் தரை சதுரம் சதுரமாகப் பிரிந்திருக்கும், ஒரு சதுரம் ஒரு கட்டம்) புதுக் கன்று முளைக்கும். புதிதாக ஆடுகிறவர்கள் மரத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். கவனிக்க வேண்டியது தரையை. இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது அதைத்தான்.

விளையாட்டைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கு இரண்டு வரி. ஏழு ட்வார்ஃப்களை, அதாவது குள்ள மனிதர்களை, ஒரு வண்டியோடு காட்டிலோ மலையடியிலோ இறக்கிவிடுவார்கள். நீங்கள் அவர்களை நேரடியாக நடத்துவதில்லை. எங்கே தோண்ட வேண்டும், எதை வெட்ட வேண்டும், எதைக் கட்ட வேண்டும் என்று குறி போட்டால் அவர்களே போய்ச் செய்வார்கள். டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவர் உருவாக்கியது. 2006இல் முதலில் வெளிவந்தது. வெறும் எழுத்துக்குறிகளால் ஆன பழைய வடிவம் இன்றும் இலவசம். படங்களும் மவுஸ் வசதியும் கொண்ட வடிவம் 2022 டிசம்பரில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வந்தது. நான் இங்கே சொல்வது ஸ்டீம் வடிவத்தை வைத்து.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கிற பழைய குறிப்புகள் சிலவற்றில் மரம் என்றால் ஒரே ஒரு கட்டம், வெட்டினால் ஒரே ஒரு கட்டை என்று இருக்கும். 2014 ஜூலையில் வந்த பதிப்புக்கு முன்னால் அப்படித்தான் இருந்தது. அதற்கப்புறம் மரம் பல அடுக்கு (மாடி மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் மட்டங்கள்) உயரத்துக்கு வளர்கிறது, கிளை பக்கவாட்டில் நீள்கிறது. பழைய குறிப்பைப் படித்துவிட்டு மதில் கட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

கன்றும் மரமும்

திறந்த மண்தரையில் முதலில் தெரிவது கன்று. அது வழியை மறிக்காது, ஆட்கள் அதன் மேலேயே நடந்து போவார்கள். கோடாரிக் குறியும் அதன் மேல் விழாது. விளையாட்டின் கணக்கில் அது இன்னும் மரமே இல்லை. மூன்று வருஷம் போனால் மரமாகிவிடும். விளையாட்டில் ஒரு வருஷம் என்பது 28 நாள் கொண்ட 12 மாதம், மொத்தம் 336 நாள். நீங்கள் சாப்பாடு, படுக்கை, சாராயம், படை என்று ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மூன்று வருஷம் போவதே தெரியாது.

ஆள் நடமாட்டம் அதிகமான இடத்தில் கன்று மிதிபட்டுச் செத்துவிடும். அதனால்தான் வாசலுக்கும் கிணற்றுக்கும் நடுவே எப்போதும் வெறுந்தரையாக இருக்கும், யாரும் போகாத மதில் ஓரத்தில் மட்டும் கன்றாக முளைத்துக் கிடக்கும். தொல்லை வருவதும் அந்த யாரும் போகாத ஓரத்திலிருந்துதான்.

கோடாரி, ஆள், குறி

வெட்டுவதற்கு மூன்று வேண்டும். முதலில் கோடாரி. புறப்படும்போது கொண்டுவந்த பொருட்களில் போர்க்கோடாரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பதற வேண்டாம். தச்சுப் பட்டறையில் ஒரு கட்டை கொடுத்துப் பயிற்சிக் கோடாரி செய்யச் சொல்லலாம். மரத்தால் ஆனது என்றாலும் அதை வைத்து மரம் வெட்ட முடியும். கட்டையே இல்லையென்றால் நீங்கள் வந்த வண்டியைப் பிரித்தால் மூன்று கட்டை கிடைக்கும்.

இரண்டாவது ஆள். வேலைப் பட்டியலில் மரவெட்டிகள் என்று தனிப் பிரிவு இருக்கும். அதில் குறைந்தது ஒருவரைச் சேர்க்க வேண்டும். சுரங்கம் தோண்டுகிறவரையே இதிலும் சேர்க்காதீர்கள். தோண்டுதல், மரம் வெட்டுதல், வேட்டை மூன்றுக்கும் கையில் தனித்தனிக் கருவி வேண்டும். ஒருவருக்கு ஒன்றுதான் ஒத்துவரும். நான் தொடக்கத்தில் ஒருவரை மட்டும் வைப்பேன், ஜனத்தொகை இருபதைத் தாண்டியதும் இரண்டாக்குவேன். அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

மூன்றாவது குறி. திரையின் கீழ்ப்பட்டையில் கோடாரிப் படம் இருக்கும். அதை அழுத்தி, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்தால் உள்ளே இருக்கிற அடிமரங்கள் எல்லாம் குறியாகிவிடும். கன்றுகளும் செடிகளும் தப்பித்துவிடும். மேல் அடுக்கில் இலைதான் தெரிகிறது என்றால் தரை அடுக்குக்கு இறங்கி வந்து குறி போடுங்கள். குறிக்கு 1 முதல் 7 வரை முன்னுரிமை கொடுக்கலாம். சும்மா விட்டால் 4. 1 கொடுத்தால் அது முதலில் நடக்கும்.

இங்கேதான் புதியவர்கள் ஆளை இழக்கிறார்கள். பெரிய சதுரமாக இழுத்துவிட்டு மறந்துபோவார்கள். எதிரி வந்ததும் வாசல் அடைக்கிற அவசரத்தில், வெளியே தூரத்தில் இரண்டு மரம் இன்னும் குறியோடு நிற்பது ஞாபகம் வராது. மரவெட்டி ஒருவர் கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரிக் கூட்டத்துக்குள் நடந்து போவார். அதனால் ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து மரம் மட்டும் குறியுங்கள். அது முடிந்ததும் அடுத்தது. படையெடுப்பு என்ற செய்தி வந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு, அழிக்கும் குறியால் வெளியே உள்ள எல்லாக் குறிகளையும் துடைத்துவிடுங்கள்.

ஒரு பெரிய மரம் விழுந்தால் கட்டைகள் நாலா பக்கமும் சிதறும். அவற்றைத் தூக்கிவர ஆள் போக வேண்டும். அந்தப் போக்குவரத்தும் ஆபத்தான நேரத்தில் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தில் ஏறிப் பழம் பறிக்கப்போய் இறங்கத் தெரியாமல் மாட்டிக்கொள்கிற ட்வார்ஃப் உண்டு. பசியில் வாடுகிறவரை மீட்க அந்த மரத்தை வெட்டுவது ஒரு வழி. கீழே விழுவார், அடிபடலாம், ஆனாலும் பட்டினிக்கு அது தேவலை.

மதிலை ஒட்டிய மரம்

எல்லா மரமும் ஒரே அளவு அவசரம் இல்லை. எதை முதலில் வெட்டுவது என்று கேட்டால் மதில் பக்கத்து மரம் என்பேன். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு கோட்டையைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

அந்தக் கோட்டைக்கு இரண்டு அடுக்கு உயரத்தில் மதில் கட்டியிருந்தேன். முதல் வருஷமே சுற்றிலும் மரத்தை வெட்டிச் சுத்தம் செய்தேன். தூக்குப் பாலம், அதற்கு நெம்புகோல், உள்ளே நிம்மதியாக வேலை. நான்காவது வருஷம் இலையுதிர் காலத்தில் கோப்ளின்கள் என்ற எதிரிக் கூட்டத்தார் வந்தார்கள். நெம்புகோலை இழுத்தேன், பாலம் மேலே போயிற்று. சரி, அவர்கள் வெளியே சுற்றிவிட்டுப் போகட்டும் என்று உள்ளே பட்டறை வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் மாடு மேய்க்கிற இடத்தில் ரத்தம். பக்கத்தில் ஒரு கோப்ளின். வாசல் மூடித்தான் இருந்தது. சுரங்கப் பக்கமும் வழி இல்லை.

விளையாட்டை நிறுத்திவிட்டு மவுஸ் சக்கரத்தை உருட்டி ஒவ்வொரு அடுக்காக மேலே போய்ப் பார்த்தேன். தரை அடுக்கில் வடகிழக்கு மூலைக்கு வெளியே, மதிலிலிருந்து மூன்று கட்டம் தள்ளி ஓர் அடிமரம். அடுத்த அடுக்கில் அதே தண்டு. அதற்கும் மேலே போனால் கிளை ஒன்று நீண்டு வந்து மதிலின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிளையில் இன்னும் இரண்டு கோப்ளின்கள். மரத்தில் ஏறி, கிளை வழியாக நடந்து, மதில்மேல் கால் வைத்து உள்ளே இறங்கியிருக்கிறார்கள். முதல் வருஷம் நான் சுத்தம் செய்தபோது அந்த இடத்தில் ஒரு கன்று நின்றிருக்க வேண்டும். கோடாரிக் குறி அதன் மேல் விழாது. நானும் அதற்கு வேறு ஏற்பாடு செய்யவில்லை. மூன்று வருஷம் முடிந்து மரமாகிவிட்டது.

அதிலிருந்து நான் செய்வது இப்படி. மதில் கட்ட இடம் குறித்ததுமே, கல் அடுக்கத் தொடங்குவதற்கு முன்பாக, வெளிப்பக்கம் பத்துக் கட்டம் வரை இருக்கிற மரங்களை வெட்டிவிடுவேன். உள்பக்கம் ஐந்து கட்டம். உள்பக்கத்து மரமும் ஆபத்துதான். மதில் தலையிலிருந்து இறங்க அது ஏணியாகிவிடும். அப்புறம், அடிமரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மதில் உச்சி எந்த அடுக்கில் இருக்கிறதோ அந்த அடுக்குக்கும் அதற்கு மேலே இரண்டு அடுக்குக்கும் போய்ச் சுற்றி ஒரு வலம் வந்து பாருங்கள். இலைநுனி மதிலுக்குப் பக்கத்தில் தெரிந்தால் அந்த மரம் எவ்வளவு தள்ளி நின்றாலும் வெட்ட வேண்டியதுதான்.

மதில் தலையில் வெளிப்பக்கமாக ஒரு கட்டம் நீட்டித் தளம் போட்டால், மதிலைப் பிடித்து ஏறுகிறவர்கள் அந்த விளிம்பைத் தாண்ட முடியாது. நல்ல ஏற்பாடு, எல்லாரும் செய்யுங்கள். ஆனால் கிளை அந்த நீட்டல் வரைக்கும் வந்துவிட்டால் அதற்கு ஒரு பயனும் இல்லை. நீட்டல் போட்டவர்களும் மரத்தைக் கவனிக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது அக்கா மகன் ஒன்று கேட்டான். "நம்ம ஊர்லயே கோட்டையைச் சுத்திக் காடு வளர்ப்பாங்கன்னு படிச்சிருக்கேனே மாமா?" நியாயமான கேள்வி. பழந்தமிழ் மன்னர்கள் அரணைச் சுற்றிக் காவற்காடு வைத்திருந்தார்கள், அதற்கு மிளை என்று பெயர். அவ்வளவு பழங்காலம் போக வேண்டாம், அவன் உட்கார்ந்திருந்த புதுச்சேரியைச் சுற்றியே 18ஆம் நூற்றாண்டில் முள்ளும் மரமும் அடர்ந்த வேலியரண் இருந்தது. 1760இல் ஆங்கிலேயப் படை முதலில் அந்த வேலியைக் கைப்பற்றிய பிறகுதான் நகரை நெருக்க முடிந்தது. 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது. ஆனால் அந்த வேலிக்கு நடுநடுவே காவல் இடங்கள் இருந்தன, பீரங்கி இருந்தது, வேலிக்கும் கோட்டை மதிலுக்கும் இடையே நீண்ட வெளி இருந்தது. மதிலில் கிளை உரசுகிற மரம் வேறு. விளையாட்டில் இன்னொன்றும் உண்டு. நீங்கள் மரம் நட முடியாது. எங்கே முளைக்க வேண்டும் என்பது உங்கள் கையில் இல்லாதபோது காவற்காடு அமைக்க வழியில்லை.

தரையை மூடுவது

இனி முக்கியமான வேலை. வெட்டிய இடம் திறந்த மண்ணாகவே இருந்தால் மூன்று வருஷம் கழித்து மறுபடியும் வெட்ட வேண்டும். நிரந்தரமாக நிறுத்த வேண்டிய இடத்தில் தரையை மூட வேண்டும்.

ஸ்டாக்பைல், அதாவது பொருள் அடுக்கி வைக்க ஒதுக்கும் இடம், வரைந்தால் தரை மூடியதாக ஆகாது. அக்கா மகன் செய்த தவறு அதுதான். ஸ்டாக்பைல், மேய்ச்சல் இடம், கூடும் இடம் எல்லாம் தரையில் கோலப்பொடியால் போட்ட கோடு மாதிரி. கோட்டுக்குள் கன்று தாராளமாக முளைக்கும்.

தரையை மூட இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, கட்டுமானத் தளம். ஒரு கட்டத்துக்கு ஒரு கல்லோ ஒரு கட்டையோ வெட்டிய கல் துண்டு ஒன்றோ ஆகும். முழுக்கல்லை அப்படியே போடாதீர்கள். கல் பட்டறையில் கொடுத்தால் ஒரு கல்லிலிருந்து நான்கு துண்டு வெட்டித் தருவார்கள். கல்லும் மிச்சம், தூக்கும் சுமையும் குறைவு. கன்று நிற்கிற கட்டத்தின் மேலும் தளம் போடலாம். கன்று ஒழிந்துவிடும். கோடாரியால் முடியாததைத் தளம் செய்துவிடுகிறது. தளத்தின் மேல் பட்டறை வைக்கலாம், கதவு வைக்கலாம், ஸ்டாக்பைல் வரையலாம்.

இன்னொன்று, கல் பாவிய சாலை. இது மலிவு. நான்கு கட்டத்துக்கு ஒரு துண்டு, அதற்கு மேல் ஒன்று கூடுதல், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் சாலை என்பதே ஒரு கட்டடமாகக் கணக்கில் வரும், அதன் மேல் வேறு எதையும் கட்ட முடியாது. வாசலுக்கு வெளியே வண்டி வரும் வழி, மதிலின் வெளி ஓரம் ஆகியவற்றுக்குச் சாலை. உள்ளே புழங்குகிற இடத்துக்குத் தளம். நான் இப்படித்தான் பிரிப்பேன்.

மண் சாலை என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அதற்குப் பொருளே வேண்டாம். நின்ற செடி கன்றுகளை அகற்ற உதவும். நாள்பட்ட காப்புக்கு நான் அதை நம்புவதில்லை, கல் சேரும்வரை ஒரு தற்காலிக ஏற்பாடு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளிப்புற அளவு 40க்கு 40 உள்ள மதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் பத்துக் கட்ட அகலத்துக்கு மூட வேண்டுமென்றால் 2,000 கட்டம். தளமாகப் போட்டால் 2,000 துண்டு, அதாவது 500 கல். முதல் வருஷத்தில் யாராலும் ஆகாது. மூன்று கட்ட அகலத்துக்கு மட்டும் என்றால் 516 கட்டம். தளத்துக்கு 129 கல். அதையே சாலையாகப் போட்டால் ஏறக்குறைய 130 துண்டு, முப்பத்து நான்கு முப்பத்தைந்து கல்லில் முடிந்துவிடும். கல் அடுக்கில் ஒரு பெரிய கூடத்தைக் குடைந்தால் அவ்வளவு கல் கிடைக்கும். ஆகவே மதிலை ஒட்டி மூன்று கட்டம் சாலை, அதற்கு வெளியே ஏழு கட்டம் திறந்த மண், அதில் வருஷம் ஒரு தடவை மரம் பார்ப்பது. நான் வசந்த காலம் தொடங்கியதும் அதைச் செய்வேன். புது வருஷச் செய்தி வரும்போது ஞாபகம் வந்துவிடும்.

எல்லா இடத்தையும் மூடிவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். ஆடு மாடு மேய்கிற இடத்தைத் தளம் போட்டு மூடினால் புல் போய்விடும், கால்நடை பட்டினி கிடந்து சாகும். மேய்ச்சல் நிலத்தில் மரம் முளைத்தால் முளைக்கட்டும், இடைஞ்சலானதை மட்டும் வெட்டினால் போதும்.

அன்று அக்கா மகனின் குடோனை நாங்கள் சரிசெய்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் நடுவில் நின்ற மரத்துக்கு முன்னுரிமை 1 கொடுத்துக் குறி. அது விழுகிற வரைக்கும் கல் பட்டறையில் துண்டு வெட்டும் வேலையை ஓடவிட்டோம். இடத்தின் அளவு 7க்கு 5, ஆக 35 கட்டம், ஒன்பது கல் போதும். பக்கத்தில் தற்காலிகமாக இன்னொரு ஸ்டாக்பைல் வரைந்து, பழையதை அழித்தோம். பொருட்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின. பொருள் கிடக்கிற கட்டத்திலேயே கட்டச் சொன்னால் வேலை இழுத்தடிக்கும், அதற்காகத்தான் இந்த மாற்றம். காலியானதும் 35 கட்டத்துக்கும் தளம். கன்று நின்ற கட்டம் மூன்றையும் அவன் விட்டுவிட்டுத்தான் வரைந்திருந்தான். "அதையும் சேர்த்து வரைப்பா, அதுக்காகத்தானே இதெல்லாம்" என்றேன். ட்வார்ஃப் ஒருவர் துண்டைத் தூக்கிவந்து வைத்தார், கன்று இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சதுரம் ஒன்று வந்தது. கடைசியில் தளத்தின் மேல் புது ஸ்டாக்பைல்.

சுரங்கத்துக்குள் முளைக்கிற மரம்

மேலே மட்டும்தான் மரம் வரும் என்று நினைத்திருந்தால் ஒருநாள் அதிர்ச்சி காத்திருக்கிறது. ஆழத் தோண்டிக்கொண்டே போனால் இயற்கைக் குகைகளை உடைத்துத் திறப்பீர்கள். திறக்கும்வரை உங்கள் சுரங்கத்தின் மண்தரையில் ஒன்றும் முளைக்காது. திறந்த பிறகு, குகையிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தாலும், நிலத்தடியில் மண்ணோ சேறோ உள்ள தரையெல்லாம் பூஞ்சையும் காளான் மரக்கன்றும் முளைக்கத் தொடங்கும். டவர்கேப், ஃபங்கிவுட் என்று அவற்றுக்குப் பெயர். குகை வாயை அடைத்தாலும் பழையபடி ஆகாது.

மண் அடுக்கில் தோண்டுவது வேகமாக நடக்கும் என்பதால் புதியவர்கள் முதல் குடோனையும் சாப்பாட்டுக் கூடத்தையும் அங்கேயே குடைவார்கள். அதிலும் கூரை உயரமாக இருக்க வேண்டும் என்று இரண்டு மூன்று அடுக்கு சேர்த்துக் குடைந்த கூடங்களில் ஒருநாள் நடுக்கூடத்தில் மரம் நிற்கும். தடுக்க வழி அதேதான். குகையைத் திறப்பதற்கு முன்பே மண் அறைகளுக்குத் தளம் போட்டுவிடுங்கள், அல்லது நிரந்தரமான அறைகளைக் கல் அடுக்குக்கு மாற்றிவிடுங்கள். சேறு படியாத கல்தரையில் எதுவும் முளைக்காது. தண்ணீர் விட்டுச் சேறாக்கிய விவசாய அறையைச் சுற்றியுள்ள நடைபாதைகளைக் கவனியுங்கள், சேறு அங்கேயும் வழிந்திருக்கும்.

ஆனால் ஒரு மண் கூடத்தை நான் வேண்டுமென்றே மூடாமல் விடுவேன். அங்கே முளைக்கிற பூஞ்சையில் மாடு மேயும், மேலே எதிரி நின்றாலும் கவலையில்லை. உயரமாகக் குடைந்திருந்தால் காளான் மரமும் கிடைக்கும். மேலே மரமே இல்லாத பாலைவனத்தில் கோட்டை போட்டவர்களுக்கு இதுதான் உயிர்நாடி.

எதை விட்டுவைப்பது

வெட்டத் தொடங்கியதும் கை நிற்காது. மொட்டையாக்கிவிட்டுக் கட்டைக்கு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டில் மரத்தால்தான் செய்ய முடியும், ஒரு கட்டிலுக்கு ஒரு கட்டை. பீப்பாய்க்கு ஒன்று. ஒரு கட்டை எரித்தால் ஒரு கரி. நிலக்கரி கிடைக்காத இடத்தில் இரும்பு உருக்கப் போனால் காடு காடாகத் தின்னும். நட முடியாத மரம், மூன்று வருஷம் காத்திருந்து வரும் மரம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வெட்டுங்கள். மதில் ஓரத்திலிருந்து தொடங்கி வெளியே போங்கள், தூரத்துக் காடு இருப்புக் கணக்கில் இருக்கட்டும்.

பழமரம் தனி. மா, கொய்யா, பப்பாளி எல்லாம் விளையாட்டில் உண்டு. இருக்கும் இடத்தின் தட்பவெப்பத்தைப் பொறுத்து வரும். பழத்திலிருந்து சாராயம் வடிக்கலாம். வெட்டுவதற்கு முன் மரத்தின் மேல் மவுஸை வைத்து என்ன மரம் என்று பாருங்கள். எங்கள் பண்ருட்டிப் பக்கம் 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். காய்க்கிற மரத்தின் மேல் கோடாரிக் குறி போட இன்றும் எனக்கு மனசு வராது. மதிலை ஒட்டி நின்றால் மட்டும் வேறு வழியில்லை.

பக்கத்தில் எல்ஃப்கள் என்ற காட்டுவாசி இனத்தார் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. அவர்களுக்கு மரம் என்றால் உயிர். அவர்களின் வியாபாரிகள் வசந்த காலத்தில் வருவார்கள். மரப்பொருள் எதையும் விற்க நீட்டாதீர்கள், மரப்பெட்டியில் வைத்துக் கொடுத்தால்கூடக் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதிகமாக வெட்டினால் தூதர் வந்து அளவு விதிக்கலாம். ஒப்புக்கொண்டால் அதைக் காப்பாற்றுங்கள்.

தீ வைத்துக் காட்டை அழிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். புல்லில் பிடித்த தீ எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. வெளியே நிற்கிற ஆளும் மாடும் குடோனும் சேர்ந்து போகும்.

ஆட்டம் பழகி, ஒவ்வொரு வருஷமும் கையால் குறி போடுவது அலுத்துப்போனால் டிஎஃப்ஹேக் என்ற இலவச இணைப்பு மென்பொருளில் ஆட்டோசாப் என்ற கருவி இருக்கிறது. கட்டை இருப்பு குறையும்போது தானே குறி போடும், பழமரத்தை விட்டுவிடச் சொல்லவும் முடியும். ஆனால் முதல் இரண்டு கோட்டையாவது கையால் செய்யுங்கள். மதிலைச் சுற்றி வலம் வருகிற பழக்கம் அப்போதுதான் வரும்.

அன்று சாயங்காலம் கடலூர் பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது அக்கா மகன் வாசல் வரைக்கும் லேப்டாப்போடு வந்தான். மதிலின் மேற்குப் பக்கம் ஐந்து கன்று எண்ணியிருக்கிறானாம், கல் துண்டு இன்னும் பன்னிரண்டு மிச்சம் இருக்கிறதாம். "ரோடா போடட்டுமா, ஃப்ளோரா போடட்டுமா மாமா?" என்றான். வெளிப்பக்கம்தானே, ரோடு போடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.